59-க்கு நேரே ஒரு கோடு

இருட்டறையில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். டெவலப்பர் தட்டில் எக்ஸ்ரே ஃபிலிமை அமிழ்த்தி, மூலையைப் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டே மனதுக்குள் எண்ணத் தொடங்குவேன். இருபதை எட்டுவதற்குள் வெறும் ஃபிலிமில் கருப்பாய் ஒரு கோடு கிளம்பி வரும். முதலில் நிழல், பிறகு கோடு, பிறகு மை தீட்டியதுபோல் அடர்த்தி. 2009 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மாலை, ஈ.ஆர். பீட்டா என்ற புரதத்துக்காக நான் ஓட்டிய முதல் வெஸ்டர்ன் பிளாட் அப்படித்தான் வந்தது. ஃபிலிமை ஃபிக்ஸரில் போட்டு, தண்ணீரில் அலசி, வெளிச்சத்துக்கு எடுத்து வந்து மெம்பிரேனின் மேல் பொருத்திப் பார்த்தேன். எடை தெரிந்த புரதங்களின் கலவையான மார்க்கரின் நிறக்கோடுகள் ஃபிலிமில் விழாது. மெம்பிரேனைப் பார்த்து நாமேதான் பேனாவால் குறிக்க வேண்டும். 55-க்கும் 70-க்கும் நடுவில், 55-க்குச் சற்று மேலே, ஒரே ஒரு கோடு. டேட்டா ஷீட் சொன்ன எடை 59 கிலோடால்டன். எங்கள் சார் அந்த ஈர ஃபிலிமை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "ரொம்பச் சுத்தமா வந்திருக்கும்மா" என்றார்.

அந்தக் கோடு ஈ.ஆர். பீட்டா இல்லை என்று எனக்குத் தெரிய ஏழு ஆண்டுகள் ஆயின.

சென்னையில் ஒரு புற்றுநோய் உயிரியல் ஆய்வகத்தில் தொழில்நுட்ப உதவியாளராக நான் சேர்ந்தது 1997-ல். ஊர் விருதுநகர் பக்கம், எம்.எஸ்சி. முடித்த கையோடு வந்தவள். மாணவர்கள் வருவார்கள், ஐந்தாறு வருடத்தில் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். ஜெல் பெட்டிகளோடும் மைனஸ் 80 ஃப்ரீசரோடும் தங்கிவிடுவது என்னைப் போன்றவர்கள். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வெஸ்டர்ன் சொல்லிக்கொடுப்பது எப்போதும் என் வேலையாகவே இருந்தது.

சொல்லிக்கொடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. செல்களை உடைத்து, எஸ்.டி.எஸ். என்ற சோப்புக் கரைசலில் கொதிக்கவைத்தால் புரதங்கள் மடிப்புக் குலைந்து நீளும். அவற்றை ஜெல்லின் குழிகளில் இட்டு மின்சாரம் கொடுத்தால் சிறியவை முன்னேயும் பெரியவை பின்னேயுமாக ஓடிப் பிரியும். பிரிந்ததை அப்படியே ஒரு மெம்பிரேனுக்கு ஏற்றி, வெற்றிடங்களில் எதுவும் ஒட்டாதபடி பால் பவுடர் கரைசலில் ஊறவைத்து, பிறகு நமக்கு வேண்டிய புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்றி ராத்திரி முழுக்கக் குளிர் அறையில் ஆட்டிவைக்க வேண்டும். மறுநாள் கழுவிவிட்டு செகண்டரி. முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இன்னோர் ஆன்டிபாடி அது. அதன் முதுகில் ஒரு நொதி. இ.சி.எல். கரைசலை ஊற்றியதும் அந்த நொதி இருக்கும் இடத்தில் மட்டும் மின்மினி போல ஒளி எழும். அந்த ஒளிதான் ஃபிலிமில் கோடாக விழுகிறது. 1979-ல் டோபினும் அவரது கூட்டாளிகளும் வெளியிட்ட முறை இது. பெயர் வைத்தவர் பர்னெட், 1981-ல். டி.என்.ஏ.வுக்கு இப்படியொரு முறையை 1975-ல் கண்டுபிடித்தவரின் பெயர் எட்வின் சதர்ன். அந்தப் பெயருக்குத் தெற்கு என்று பொருள் வருவதால், புரதத்துக்கானதை மேற்கு என்றார்கள்.

இத்தனை படிகளிலும் நம் கையில் இல்லாத ஒன்று ஆன்டிபாடி. ஜெல் சரியாக உறைந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிடலாம். ட்ரான்ஸ்ஃபர் ஆனதா என்று பொன்சோ சாயம் ஊற்றினால் சிவப்புக் கோடுகளாகத் தெரிந்துவிடும். ஆனால் ஆன்டிபாடி எதைப் பிடித்திருக்கிறது என்பதை அதன் கோட்டைப் பார்த்து மட்டும் சொல்லவே முடியாது. அது ஒரு முயலின் உடம்பில் உருவானது. தேடும் புரதத்திலிருந்து பத்துப் பதினைந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டைச் செயற்கையாகச் செய்து, பெரிய புரதம் ஒன்றோடு பிணைத்து முயலுக்கு ஊசி போடுவார்கள். முயலின் உடம்பு அதை அந்நியமாகக் கண்டு ஆன்டிபாடிகளை உண்டாக்கும். ஒன்றல்ல, பல வகை. ரத்தத்தை எடுத்து, அந்தத் துண்டு ஒட்டிய பிரிப்புக் குழாய் வழியாக ஓடவிட்டு, அதைப் பிடித்தவற்றை மட்டும் சேர்த்துக் குப்பியில் அடைத்தால் பாலிகுளோனல் ஆன்டிபாடி. செல்லுக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான புரதங்களில் அதே சாயலில் ஒரு துண்டு வேறொன்றிலும் இருந்தால் ஆன்டிபாடி அதையும் பிடிக்கும்.

ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர், சுருக்கமாக ஈ.ஆர்., எனக்குப் பாடப்புத்தகத்தில் அறிமுகமானதல்ல. 2003-ல் என் சித்திக்கு மார்பில் கட்டி. அறுவை முடிந்து பயாப்சி அறிக்கை வந்தபோது வீட்டில் யாருக்கும் புரியவில்லை, என்னிடம் கொடுத்தார்கள். ஈ.ஆர். பாசிட்டிவ் என்று இருந்தது. அந்த ஒரு வரியால்தான் சித்திக்கு டமாக்சிஃபென் மாத்திரை கிடைத்தது. ஐந்து வருடம் தினமும் விழுங்கினாள். இன்றும் இருக்கிறாள்.

அந்த வரிக்குப் பின்னால் நாற்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. 1950-களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன், கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய ஈஸ்ட்ரடயாலை எலிகளுக்குக் கொடுத்து அது எங்கே போகிறது என்று தேடினார். ரத்தத்திலும் தசையிலும் வந்த வேகத்தில் கழிந்த ஹார்மோன், கருப்பையில் மட்டும் விடாமல் தங்கியது. அங்கே அதைப் பிடித்துவைக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. 1980-ல் ஜெஃப்ரி கிரீனும் ஜென்சனும் அந்த ரிசெப்டருக்கு, ஒரே வகையான, மோனோகுளோனல் எனப்படும் ஆன்டிபாடிகளைச் செய்தார்கள். அதன் பிறகுதான் மருத்துவமனையில் ஒரு கண்ணாடித் தகட்டின் மேல், மெல்லிய திசுச் சீவலில், ரிசெப்டர் உள்ள செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரியும்படி சாயமேற்ற வழி பிறந்தது. அந்தப் பழுப்பை நம்பி மருந்து எழுதுகிறார்கள். அதே தகட்டில் கட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரணப் பால்நாளச் செல்களையும் நோயியல் மருத்துவர் பார்ப்பார். அவற்றில் சில பழுப்பாக வேண்டும், சுற்றியுள்ள நார்த்திசு பழுப்பாகக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால்தான் கட்டியைப் பற்றிய வார்த்தை. பழுப்பாகக் கூடாத இடத்தை அவர் பார்த்ததை அன்று நான் கவனிக்கத் தவறினேன்.

ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் ஒன்றுதான் என்று இருந்த நிலையில், 1996-ல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யான்-ஓகே குஸ்டாஃப்சனின் குழு எலியின் புராஸ்டேட்டிலிருந்து இரண்டாவது ஒன்றைக் கண்டெடுத்தது. பழையது ஆல்ஃபா ஆயிற்று, புதியது பீட்டா. ஆல்ஃபா 595 அமினோ அமிலம், பீட்டா 530. டி.என்.ஏ.வைப் பற்றும் பகுதி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றேதான்; ஹார்மோனைப் பிடிக்கும் பகுதியில் வேறுபாடு அதிகம். ஆல்ஃபா மார்பகச் செல்லை வளரச் சொல்கிறது. பீட்டா அதற்குக் கடிவாளம் போடுகிறது என்ற கருத்து பரவியது. அது உண்மையாக இருந்தால் ஆல்ஃபா இல்லாத கட்டிகளுக்கும், டமாக்சிஃபென் உதவாத பெண்களுக்கும், ஒரு வழி திறக்கும். நாங்கள் அந்த வேலைக்கு வந்தது இந்த நம்பிக்கையோடுதான். சித்தி படுத்திருந்த வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணின் அறிக்கையில் ஈ.ஆர். நெகட்டிவ் என்று இருந்தது. அந்த அக்காவின் முகம் எனக்கு மறக்கவில்லை.

ஆன்டிபாடி வந்து சேர்வதே ஒரு வேலை. இன்டென்ட், மூன்று குவோட்டேஷன், பர்ச்சேஸ் கமிட்டி, பிறகு டீலர் ஆர்டர் போடுவது. ஆறு வாரம், எட்டு வாரம். விமான நிலையத்தில் சுங்கத்தில் மாட்டிக்கொண்டால் தெர்மோகோல் பெட்டிக்குள் இருக்கும் ஜெல் ஐஸ் உருகிவிடுமே என்று வயிற்றைக் கலக்கும். பெட்டியைப் பிரித்தால் சுண்டுவிரல் நுனி அளவு குப்பி. அதன் அடியில் 100 மைக்ரோலிட்டர், இரண்டு சொட்டுக் கண்ணீர் அளவு. விலை என் அன்றைய மாதச் சம்பளத்தைவிட அதிகம். வந்த அன்றே பத்துப் பத்து மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 20-ல் வைப்பேன். ஒருமுறை கரைத்த ஆன்டிபாடியை ஒரே தடவையில் கொட்ட மனம் வராது. கொஞ்சம் சோடியம் அசைடு சேர்த்துக் குளிர் அறையில் வைத்து ஏழெட்டு மெம்பிரேனுக்கு அதையே ஓட்டுவோம்.

இந்தச் சிக்கனம்தான் எங்களைத் தவறவிட்டது என்று இன்று நினைக்கிறேன். ஜெல்லில் பத்துக் குழிகள். ஒன்று மார்க்கருக்கு. மீதி ஒன்பதில் மருந்து கொடுத்த செல், கொடுக்காத செல், 6 மணி நேரம், 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். பீட்டா இருக்கவே இருக்காத ஒரு மாதிரியை வேண்டுமென்றே ஒரு குழியில் இடுவது, அப்போது எங்களுக்கு, ஒரு குழியை வீணடிப்பதாகத் தோன்றியது. வேறு மாதிரியே கையில் இல்லை என்பதும் உண்மை. எங்களிடம் இருந்தவை எம்.சி.எஃப்-7, எம்.டி.ஏ.-எம்.பி-231, இன்னும் இரண்டு செல் வரிசைகள். நான்கிலும் 59-க்கு நேரே கோடு வந்தது, நான்கிலும் ஏறக்குறைய ஒரே அடர்த்தியில். நாங்கள் மகிழ்ந்தோம். பீட்டா எல்லா மார்பகப் புற்றுச் செல்களிலும் இருக்கிறது என்று நோட்டில் எழுதினேன். எழுதிய பக்கம் இன்னும் இருக்கிறது.

ஒரு சோதனை செய்யாமல் இல்லை. பெப்டைடு பிளாக்கிங் என்று ஒன்று உண்டு. முயலுக்குப் போட்ட அதே துண்டை வாங்கி, ஆன்டிபாடியோடு கலந்து ஒரு மணி நேரம் வைத்துவிட்டு மெம்பிரேனில் ஊற்றினால், ஆன்டிபாடியின் கைகள் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால் கோடு மறைய வேண்டும். மறைந்தது. சாருக்கும் எனக்கும் அதில் முழு நிம்மதி. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆன்டிபாடியின் கை நிரம்பிவிட்டால் அது சரியான புரதத்தையும் பிடிக்காது, தவறான புரதத்தையும் பிடிக்காது. இரண்டு கோடுகளும்தான் மறையும். அந்தக் கை எதைப் பிடித்திருந்தது என்ற கேள்விக்கு இந்தச் சோதனை பதிலே சொல்வதில்லை. பலரும் செய்ததால், கட்டுரை மதிப்பீட்டாளர்களும் கேட்டதால், நாங்களும் செய்து திருப்திப்பட்டோம்.

சந்தேகப்பட வேண்டிய இடங்கள் இருந்தன. மருத்துவமனையிலிருந்து வந்த, கட்டித் திசு பதித்த பாரஃபின் பிளாக்குகளைச் சீவி அதே ஆன்டிபாடியால் சாயமேற்றியபோது, பழுப்பு உட்கருவில் மட்டும் நிற்காமல் செல் முழுக்கப் பரவியது. ஈ.ஆர். பீட்டா மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பதாகக் கட்டுரைகள் இருந்தன. நாங்கள் அவற்றை மேற்கோள் காட்டினோம். பீட்டா கூடினால் நோயாளி பிழைக்கிறார் என்று சில கட்டுரைகள், கூடினால் மோசமாகிறது என்று வேறு சில, தொடர்பே இல்லை என்று இன்னும் சில. இந்தக் குழப்பம் உயிரியலின் சிக்கல் என்றே எல்லோரும் எழுதினார்கள். ஒவ்வொருவர் கையிலும் வெவ்வேறு குப்பி இருந்தது என்பதை யாரும் முதல் வரியில் வைக்கவில்லை.

பிறகு வெள்ளம் வந்தது. 2015 டிசம்பர் 1 இரவு. எங்கள் கட்டடத்துக்குள் தண்ணீர் முழங்கால் வரைதான், ஆனால் மின்சாரம் நான்கு நாள் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்தது, டீசல் கொண்டுவர வழி இல்லை. ஆய்வகத் தம்பி ஒருவரும் நானும் மூன்றாம் நாள் தண்ணீரில் நடந்தே போய், ஃப்ரீசரிலிருந்து முக்கியமானவற்றைத் தெர்மோகோல் பெட்டிகளில் அடைத்து, எங்கோ கிடைத்த மீன் கடை ஐஸைப் போட்டுவைத்தோம். பதினெட்டு வருடத்துக் குப்பிகள். மைனஸ் 80-ல் இருந்த திசுக்கள் போயே போய்விட்டன. அவற்றைக் கொடுத்த பெண்களில் பலர் அப்போது உயிரோடு இல்லை. ஆன்டிபாடிகள் தாங்கியிருக்கலாம், ஆனால் நம்ப முடியாது என்று எல்லாவற்றையும் புதிதாக வாங்க முடிவாயிற்று.

2016 மார்ச்சில் பீட்டா ஆன்டிபாடி வந்தது. அதே நிறுவனம், அதே கேட்லாக் எண், லாட் எண் மட்டும் வேறு. ஓட்டினேன். 59-க்கு நேரே ஒன்றுமில்லை. 45 பக்கத்தில் ஒரு கோடு, 75-க்கு அருகே இன்னொன்று. கை தவறிவிட்டது என்று மறுபடி ஓட்டினேன். மூன்றாவது முறை புதுச் செல், புது பஃபர், புது மெம்பிரேன். அதேதான். நிறுவனத்துக்கு எழுதினோம். உங்கள் மாதிரி சிதைந்திருக்கலாம் என்று பதில் வந்தது. மாதிரி சிதைந்தால் 59 எப்படி 75 ஆகும்? சிதைவது சிறிதாகத்தானே ஆகும்? அன்று இரவு தூக்கம் வரவில்லை. முயல் மாறியிருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. முதல் முயல் செத்து, வேறு முயலின் ரத்தம் குப்பிக்கு வந்திருக்கிறது. அப்படியானால் ஏழு வருடம் நான் பார்த்தது ரிசெப்டரையா, அந்த முயலின் பழக்கத்தையா?

வழி சொன்னது புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு மாணவி. "அக்கா, பீட்டா இல்லாத செல்லுல பீட்டாவ நாமளே போட்டுப் பார்த்துடலாமே" என்றாள். ஹெச்.இ.கே. 293 செல்கள் இரண்டு தட்டு. ஒன்றில் ஈ.ஆர். பீட்டா மரபணு ஏற்றிய பிளாஸ்மிட், இன்னொன்றில் வெறும் பிளாஸ்மிட். பீட்டாவின் நுனியில் ஃப்ளாக் என்ற சிறு துண்டை வாலாக ஒட்டியிருந்தோம். ஃப்ளாக்கைப் பிடிக்கும் ஆன்டிபாடி பல வருடம் சோதிக்கப்பட்டது, அது காட்டும் இடம்தான் உண்மையான பீட்டாவின் இடம். ஒரே மாதிரியை மூன்று ஜெல்லில் ஓட்டினோம். ஒரு மெம்பிரேனுக்கு ஃப்ளாக், ஒன்றுக்குப் புது லாட், ஒன்றுக்கு வெள்ளத்தில் நனையாமல் காப்பாற்றி வைத்திருந்த பழைய லாட்.

அதற்குள் இருட்டறை போய் கேமரா வைத்த இமேஜர் வந்திருந்தது. திரையில் படம் விழுந்தபோது அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். ஃப்ளாக் மெம்பிரேனில் பீட்டா ஏற்றிய லேனில் மட்டும் தடித்த கோடு, வெறும் பிளாஸ்மிட் லேன் துடைத்துவைத்தாற்போல் காலி. பழைய லாட் மெம்பிரேனில், பீட்டா ஏற்றிய லேனில் அதே உயரத்தில் ஒரு கோடு இருந்தது. அளவுக்கு மீறிக் கொட்டிக் கொடுத்தால் அந்த ஆன்டிபாடியும் பீட்டாவைக் காணவே செய்தது. ஆனால் அதற்குச் சற்றுக் கீழே, நான் ஏழு வருடமாக அறிந்த அந்தக் கோடு, இரண்டு லேனிலும் இருந்தது. பீட்டா ஏற்றியதிலும் ஏற்றாததிலும், ஒரே அடர்த்தியில், ஒரே கூர்மையில். அந்த அழகான கோட்டை எனக்கு எந்த ஃபிலிமில் பார்த்தாலும் அடையாளம் தெரியும். அது பீட்டாவோடு எந்த உறவும் இல்லாத வேறு ஏதோ புரதம். 50-க்கும் 60-க்கும் இடைப்பட்ட அந்தப் பகுதியில் டியூபுலின் தொடங்கி ஏராளமான புரதங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. எடை பொருந்துவது ஒரு சாட்சியே இல்லை.

மாணவி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

சாரிடம் மறுநாள் காலை மூன்று படங்களையும் மேசையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். நாங்கள் 2012-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இந்தக் கோடு ஒரு படமாக இருந்தது. "எத்தனை பேர் இத நம்பி ஆன்டிபாடி வாங்கியிருப்பாங்க?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, "நீங்க பயப்படாதீங்கம்மா, கையெழுத்து நான் போட்டது" என்றார். அந்த வாரமே இதழுக்கு எழுதினார். படம் நீக்கப்பட்டது, அதைச் சார்ந்த முடிவைத் திரும்பப் பெறுவதாகத் திருத்தம் வந்தது. ஆய்வேட்டின் முடிவுக்கு வந்திருந்த இன்னொரு மாணவனுக்கு ஓர் அத்தியாயமே போயிற்று, எட்டு மாதம் கூடுதலாக உழைத்தான். அதற்காக அவனுக்கு நான் இன்னும் கடன்பட்டிருப்பதாகவே உணர்கிறேன். முதல் ஜெல் ஓட்டியவள் நான்.

2017 ஜூனில் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் சுவீடனிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. ஈ.ஆர். பீட்டாவுக்கான 13 ஆன்டிபாடிகளை எடுத்து, பீட்டா உள்ள செல், இல்லாத செல் என்று வைத்துச் சோதித்து, பிடித்ததை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் இட்டு இன்ன புரதம் என்று பெயர் படித்துப் பார்த்திருந்தார்கள். 13-ல் தேறியது ஒன்றே ஒன்று: பி.பி.ஸெட். 0506 என்ற எலி மோனோகுளோனல். அதை வைத்து மனிதத் திசுக்களைப் பார்த்தபோது விரையில், சூலகத்தில், நிணநீர்ச் செல்களில் பீட்டா இருந்தது. சாதாரண மார்பகத்தில் இல்லை. மார்பகப் புற்றிலும் இல்லை. பீட்டா கண்டுபிடிக்கப்பட்டு இருபத்தோரு வருடத்துக்குப் பிறகு. உலகத்தில் எத்தனை ஆய்வகங்களில், என்னைப் போல் எத்தனை பேர், ராத்திரி முழுக்க மெம்பிரேன் ஆட்டியிருப்பார்கள்! நாங்கள் மட்டும் இல்லை என்பதில் எனக்கு ஆறுதல் வரவில்லை. கோபம்தான் வந்தது. பிளாக்குகளைக் கொடுத்த பெண்களை நினைத்து வந்த கோபம். அவர்கள் உடம்பிலிருந்து எடுத்த திசுவின் மேல் நாங்கள் பெயர் தெரியாத ஏதோ ஒன்றைப் பழுப்பாக்கி, அதற்கு மதிப்பெண் போட்டிருக்கிறோம்.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. நாங்கள் தொடங்கிய அதே 2009-ல், ஜெர்மனியின் பழைய மருந்தியல் இதழான 'நாவ்னின்-ஷ்மீடெபெர்க்ஸ் ஆர்கைவ்ஸ்' அட்ரினர்ஜிக், மஸ்காரினிக் முதலிய ரிசெப்டர்களுக்கான ஆன்டிபாடிகளைப் பற்றி வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டது. ரிசெப்டரின் மரபணுவையே நீக்கிய எலியின் திசுவிலும் அந்த ஆன்டிபாடிகள் அதே கோட்டைக் காட்டின. இல்லாத ஒன்றைக் காட்டின. அதற்கும் முன்னால், 2006-ல், எரித்ரோபொயட்டின் ரிசெப்டர். ரத்தசோகைக்காகப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுக்கும் எரித்ரோபொயட்டின் கட்டியையும் வளர்த்துவிடுமோ என்ற பெரிய கேள்வி இருந்த காலம். கட்டியில் அந்த ரிசெப்டர் இருக்கிறது என்று ஆன்டிபாடியைக் கொண்டு பலர் காட்டியிருந்தார்கள். 66 கிலோடால்டனில் ஓர் ஆன்டிபாடி காட்டிய கோடு ரிசெப்டரே இல்லை, ஹெச்.எஸ்.பி. 70 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்று 'பிளட்' இதழில் நிறுவினார்கள். எழுதியவர்கள் அந்த மருந்தைத் தயாரிக்கும் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் என்பதால் எச்சரிக்கையோடுதான் வாசித்தேன். ஆனால் ரிசெப்டர் இல்லாத செல்லை வைத்துப் பார்த்த அவர்களின் படங்களுக்கு மறுப்புச் சொல்ல முடியாது. இரண்டையும் நான் வாசித்தது 2017-க்குப் பிறகு. எங்கள் துறை வேறு, அந்த இதழ்கள் எங்கள் மேசைக்கு வந்ததில்லை.

இப்போது நிலை மாறிவருகிறது. மான்ட்ரியலை மையமாகக் கொண்டு, இகாரஸ் என்று உச்சரிக்கப்படும் ஒரு கூட்டு முயற்சி, நிறுவனங்களையே ஆன்டிபாடி கொடுக்கவைத்து, மரபணு நீக்கிய செல்லைப் பக்கத்தில் வைத்துச் சோதித்து முடிவுகளை எல்லோருக்கும் திறந்து வைக்கிறது. 2023-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கில் 65 புரதங்களுக்கு 614 ஆன்டிபாடிகள். தோற்றவற்றை நிறுவனங்கள் விற்பனையிலிருந்து எடுத்ததும், பயன்பாட்டுக் குறிப்பை மாற்றியதும் நடந்தது. முயலையோ எலியையோ நம்பாமல், ஆன்டிபாடியின் மரபணு வரிசையைப் படித்து, செல்லில் செய்து எடுக்கும் ரீகாம்பினன்ட் வகையே அந்தச் சோதனையில் மேலாக நின்றது. 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே ஆன்டிபாடியைச் சாகாத செல்லிலிருந்து முடிவில்லாமல் எடுக்க வழி கண்டார்கள். அது காப்புரிமை இல்லாமலே உலகத்துக்குக் கிடைத்தது. அவர்கள் விட்ட இடத்திலிருந்து அடுத்த படி இது. லாட் மாறினாலும் ஆன்டிபாடி மாறாது. வெள்ளத்தில் போன குப்பியை மறுபடி வாங்கினால் போனதே திரும்பி வரும்.

எங்கள் ஆய்வகத்தில் இப்போது ஜெல்லின் இரண்டாவது குழி எப்போதும் இல்லாத மாதிரிக்கு. கிறிஸ்பர் முறையில் மரபணுவை வெட்டிய செல் கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் எஸ்.ஐ. ஆர்.என்.ஏ. கொடுத்து அளவைக் குறைத்த செல். அந்தக் குழி நிரம்பிய பிறகுதான் மற்றவை. வரும் குப்பி ஒவ்வொன்றின் லாட் எண்ணையும் நோட்டில் எழுதாமல் ஃப்ரீசர் கதவைத் திறக்க நான் விடுவதில்லை. இன்டென்ட் எழுதும்போதே ஆன்டிபாடியோடு அதன் சோதனைக்கான செல்லுக்கும் சேர்த்துப் பணம் கேட்கிறோம். கமிட்டியில் முதலில் முகம் சுளித்தார்கள். அந்தப் பழைய ஃபிலிமையும் மூன்று படங்களையும் எடுத்துப்போய்க் காட்டினேன். அதற்குப் பிறகு கேள்வி இல்லை.

பிறகு பி.பி.ஸெட். 0506-ஐ வாங்கினோம். மாணவி அப்போது ஆய்வேட்டை முடிக்கும் கட்டத்தில் இருந்தாள். எம்.சி.எஃப்-7, எம்.டி.ஏ.-எம்.பி-231, பீட்டா ஏற்றிய ஹெச்.இ.கே., ஏற்றாத ஹெச்.இ.கே. என்று நான்கே லேன். ராத்திரி ஊறவைத்து, காலையில் நானே கழுவினேன். இமேஜரில் முதலில் ஐந்து வினாடி, பிறகு முப்பது, பிறகு ஐந்து நிமிடம் என்று வைத்துப் பார்த்தோம். பீட்டா ஏற்றிய லேன் மட்டும் கருத்து நின்றது. மற்ற மூன்றும் காலி. ஐந்து நிமிட எக்ஸ்போஷரிலும் காலி. எம்.சி.எஃப்-7 லேனில் 59-க்கு நேரே நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமில்லை.

"அக்கா, எம்.சி.எஃப்-7-ல ஒண்ணுமே வரலையே. இந்த அஞ்சு நிமிஷப் படத்தையும் நோட்டுல ஒட்டணுமா?"

"ஒட்டும்மா. 2009 நோட்டு அந்த அலமாரில மேல் தட்டுல இருக்கு. அதுல, அந்த ஃபிலிம் இருக்கற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்துல ஒட்டு."

அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி நோட்டை எடுத்தாள். தூசி தட்டினாள். ஒட்டிவிட்டு லாட் எண்ணையும் தேதியையும் எழுதினாள்.